பட்டியல் ஒன்று, படம் ஒன்று: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வயல்வரப்பு:
வேளாண் கணக்கெடுப்புப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்தானே? 1 ஹெக்டேருக்குக் கீழே நிலம் இருந்தால் குறு விவசாயி, 1–2 சிறு விவசாயி, அப்புறம் 2–4, 4–10, 10-க்கு மேல். ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் ஒரே அகலத்தில் ஒட்டி ஒட்டி வரைந்து, நிகழ்வுச் செவ்வகம் (histogram, பிரிவுகளை இடைவெளி இல்லாத செவ்வகங்களாகக் காட்டும் படம்) என்று திரையில் போட்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கும் இதே அகலம், நாலுலேர்ந்து பத்துக்கும் இதே அகலமா? பத்துக்கு மேலன்னா அது எங்க போய் முடியும்?" பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பெரியவர் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முல்லை:
அகலம் இருக்கட்டும், எண்ணிக்கையை மட்டும் காட்டியதுதான் பெரிய தப்பு. 2015–16 கணக்கெடுப்பில் குறு, சிறு உடைமைகள் சேர்ந்து சுமார் 86 விழுக்காடு. அவற்றிடம் இருந்த பரப்போ சுமார் 47 விழுக்காடுதான். இதை இரண்டு வட்டப் படங்களாகப் போட்ட துண்டறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. கண் இங்கும் அங்கும் ஓடியதே தவிர, வித்தியாசம் பிடிபடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரட்டைப் பட்டையாக வரைந்திருந்தால் பார்த்ததும் புரிந்திருக்கும்.

முகாம் செவிலியர்:
என்னுடையது வேறு. மருத்துவ முகாமில் ஒரு பாட்டியிடம் வயது கேட்டேன். "அறுபதுன்னு போட்டுக்கோ சாமி" என்றார். பதிவேட்டைப் புரட்டினால் 40, 45, 50, 60 என்றே குவிந்து கிடக்கிறது, 41, 51 எல்லாம் அபூர்வம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 0, 5-இல் முடியும் வயதுகள் இப்படித்தான் குவியும். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை போட்டால், படத்தில் தெரிவது வயதே இல்லை, சொல்லும் பழக்கம். 58–62 என்று பிரித்தால் குவியல் நடுவில் விழும்.

கணக்கு டீச்சர்:
முல்லை, எண்ணிக்கையைக் காட்டியது தப்பில்லை, காட்டிய விதம்தான் தப்பு. விடைத்தாள்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். பிரிவுகள் சமமாக இல்லையென்றால் அகலத்தையும் அப்படியே வரைய வேண்டும், உயரத்துக்கு நிகழ்வெண்ணை, அதாவது அந்தப் பிரிவில் விழும் எண்ணிக்கையை, அகலத்தால் வகுக்க வேண்டும். 0–5-இல் 12 பேர், 5–10-இல் 12, 10–30-இல் 24 என்று வையுங்கள். வகுக்காமல் எண்ணிக்கையையே உயரமாக வரைந்தால் கடைசிச் செவ்வகம்தான் ஓங்கி நிற்கும். வகுத்தால் உயரங்கள் 2.4, 2.4, 1.2. மூன்றாவது உண்மையில் பாதிதான். பரப்புதான் பேச வேண்டும், உயரம் இல்லை. வயல்வரப்பு, பெரியவர் கேட்டது சரியான கேள்வி. மேல் எல்லை இல்லாத பிரிவுக்கு நாமாக ஓர் எல்லை வைத்தால்தான் செவ்வகம் வரும், சராசரியும் அப்படித்தான். இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, அந்தப் பிரிவில் விழாதவரை சிக்கல் இல்லை, அதைச் சொல்லிவிடலாம். குறு, சிறு என்று பெயர்களாக மட்டும் காட்டினால் போதுமென்றால், இடைவெளி விட்டுச் சாதாரணப் பட்டைப் படம் போடுங்கள். முல்லை சொன்ன இரட்டைப் பட்டையும் அதில் உட்காரும்.