9ஆம் வகுப்பு டிங்கரிங் லேப்: டிசைனுக்கு மார்க் எப்படி போடுறது?

வணக்கம் டீச்சர்ஸ். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல அறிவியல் டீச்சரா இருக்கேன், அடல் டிங்கரிங் லேபும் (பிள்ளைங்க தாங்களே பொருள் செஞ்சு பாக்குற லேப்) என் பொறுப்புதான். 9ஆம் வகுப்பு, 36 பேர், வாரத்துக்கு 2 பீரியட், கிட்ல ஆர்டுயினோ ஊனோங்கிற ப்ரோகிராம் பண்ணக்கூடிய சின்ன போர்டும் சென்சாரும் இருக்கு. ஜூன்ல இருந்து கற்றல் நோக்கம் (பாடம் முடிஞ்சதும் பிள்ளைங்க என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்ங்கிறது) எழுதி எழுதி அழிச்சிட்டு இருக்கேன்.

முதல்ல "சென்சாரை போர்டுல இணைப்பார்"னு எழுதினேன், யூடியூப் பார்த்து எல்லாரும் இணைச்சிட்டாங்க, ஏன் அந்த சென்சார்னு கேட்டா பதில் இல்ல. ப்ளூம் வினைச்சொல் பட்டியல (சிந்தனைய எளிசுல இருந்து கஷ்டம் வரை படிப்படியா பிரிச்சு, அதுக்கேத்த வினைச்சொல் தர்ற பட்டியல்) வெச்சு மாத்திப் பார்த்தேன். டிசைன் நோட்டு போடச் சொன்னேன், மூணு வாரத்து நோட்ட ஒரே ராத்திரில ஒரே பேனால எழுதிட்டு வந்தாங்க.

ஒரு பொண்ணு தண்ணி டேங்க் அலாரம் செஞ்சா. ஒலி அலையால தூரம் அளக்குற அல்ட்ராசோனிக் சென்சார்ல ஈரம் படிஞ்சு அளவு தப்பா வந்துச்சு, மூணு தடவ இடம் மாத்தி, கடைசில அத விட்டுட்டு ரெண்டு கம்பி தண்ணில தொட்டா பஸ்ஸர் அடிக்கிற மாதிரி மாத்தினா. டெமோ அன்னிக்கு அடிக்கல. என் ரூப்ரிக்படி (மார்க் போடுற அளவுகோல்) அவளுக்கு 50க்கு 19, கடைல ரெடிமேடா வாங்கி வந்த குரூப்புக்கு 44. இது எனக்கு மனசே ஆறல.

அரையாண்டுக்கு முன்னாடி மாத்தணும். வேலை செய்யுற மாடலுக்கு இல்லாம, பிள்ளைங்க யோசிச்சு மாத்தினதுக்கு மார்க் கிடைக்கிற மாதிரி கற்றல் நோக்கத்த எப்படி எழுதுறீங்க?