பொறுப்பைக் கொடுத்தாலும் மிஸ்கள் எடுத்துக்கொள்வதில்லை – எங்கிருந்து தொடங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மழலையர் பள்ளி. ப்ரீகேஜி முதல் யுகேஜி வரை 64 பிள்ளைகள், 5 மிஸ், 4 ஆயாம்மா. ஜூனில் பொறுப்பாளர் மாறினார். முன்பிருந்தவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவர். புதியவர் கலந்து பேசி நடத்த விரும்புகிறார்.

ஆனால் மழை வந்தால் மணல் விளையாட்டுக்குப் பதில் களிமண் எடுக்கலாமா என்று கேட்கக்கூட மிஸ் அலுவலக அறைக்கு வருகிறார். அந்த 5 நிமிடம் வகுப்பில் 16 பிள்ளைகளோடு ஆயாம்மா மட்டும்தான்.

செய்து பார்த்தவை: சனிக்கிழமை 45 நிமிடக் கூட்டம். பொறுப்பாளர் முதலில் பேசினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கடைசியில் பேசினால் மூத்த மிஸ் சொன்னதே முடிவாகிறது. பெயர் போடாமல் கருத்து எழுதச் சொன்ன துண்டுச்சீட்டுகளில் 3 வெறுமையாக வந்தன. ஆகஸ்டில் 2 வாரம் முழுதாக அவர்களிடமே விட்டதில், ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்ததற்குப் பெற்றோரிடம் இரண்டு மிஸ் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார்கள். உளவியலாளர் குர்ட் லெவின் குழுவினர் 1939இல் பிரித்துக் காட்டிய மூன்று தலைமைப் பாணிகளில் இது ஜனநாயகப் பாணி அல்ல, கைவிட்டுவிடும் பாணி. அது தவறுதான்.

இப்போது 6 மாத அனுபவம் உள்ளவருக்குப் படிப்படியாகச் சொல்லித் தருவதும், 12 வருட அனுபவம் உள்ளவருக்குச் சுதந்திரம் கொடுப்பதுமாகப் போகிறது. உடனே ஓரவஞ்சனை என்ற முணுமுணுப்பு.

மழலையர் பள்ளியை நடத்திய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: எந்த முடிவுகளை, எந்த வரிசையில் மிஸ்களிடம் ஒப்படைத்தீர்கள்?