தங்கையும் அவள் தோழியும் திருமணத்தைப் பதிவுசெய்ய முடியுமா?

கோவை அண்ணன்:
என் தங்கையும் அவள் தோழியும் சில ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருபாலுறவு குற்றமில்லை என்ற 377ஆவது பிரிவுத் தீர்ப்பு 2018இலேயே வந்துவிட்டது. பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய மறுப்பது ஏன்?

மதுரைப் பத்திர எழுத்தர்:
அந்தத் தீர்ப்பு குற்றமில்லை என்றது, அவ்வளவுதான். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒருபால் இணையருக்கு இடமில்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைகழுவிவிட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. தோழி திருநம்பி, அதாவது பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர், என்றால் கதை வேறு; சட்டத்தின் பார்வையில் அது ஆண்-பெண் திருமணம். தூத்துக்குடியில் ஓர் ஆணை மணந்த திருநங்கையை ‘மணமகள்’ என்று ஏற்று, அந்தத் திருமணத்தைப் பதிவுசெய்யச் சொன்னது 2019இல் உயர் நீதிமன்றத்தின் எங்கள் மதுரைக் கிளைதான்.

இப்போதைக்குக் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தடையில்லை என்று நிதி அமைச்சகமே 2024இல் தெளிவுபடுத்திவிட்டது. அதைவிட அவசரம் உயில். உங்கள் தங்கை பெயரில் வீடு இருந்து, உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது பெற்றோருக்குப் போகும். கூடவே தவணை கட்டிய தோழிக்கு ஒரு செங்கல்கூட வராது. நாமினியாகப் போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசிடம் கொடுக்க வேண்டியவர் மட்டுமே.

சேலத்து வாசகர்:
ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம். சட்டம் எல்லை போடாவிட்டால் நாளை யார் யாரையும் கட்டலாம் என்றாகிவிடும்.

மதுரைப் பத்திர எழுத்தர்:
எல்லை வேண்டாம் என்று யார் சொன்னார்கள், ஐயா? கோடு எங்கே என்பதுதான் பேச்சு. அக்காள் மகளைக் கட்டுவது இந்துத் திருமணச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட உறவு. வழக்கம் இருந்தால் செல்லும் என்று விலக்குக் கொடுப்பதும் அதே சட்டம். நம் பக்கத்தில் எத்தனை தாய்மாமன்கள் அந்த விலக்கில் தாலி கட்டியிருக்கிறார்கள்! புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிய சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளியதுண்டு. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவுதான், முன்பே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. சட்டமன்றம் நகர்த்திய கோடு அது. நாடாளுமன்றம் நகர்த்தினால் இதுவும் நகரும்.

கோவை அண்ணன்:
உயிலுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

மதுரைப் பத்திர எழுத்தர்:
தாராளமாக. இன்னொரு சாட்சியும் வேண்டும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு பங்கு கேட்டு வரக்கூடியவர் நீங்கள்தான். உங்கள் கையெழுத்தே அதில் இருந்தால் நல்லது.