மரீயிலிருந்து வில்லியம் க்ரீக் வரை கேரவன் இழுத்துப் போகலாமா? ரோடு நிலவரம் எங்கே பார்ப்பது?

புதுக்கேரவன்:
அடிலெய்டில் இருக்கிறோம். ஜூலை ஸ்கூல் லீவில் ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கமாக மரீ போய், அங்கிருந்து ஊட்னடாட்டா டிராக் என்ற மண்ரோட்டில் போய், கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் இரண்டு இரவு தங்கி, வில்லியம் க்ரீக் வழியாகக் கூபர் பீடி போகலாம் என்று திட்டம். வண்டி டொயோட்டா பிராடோ 4 வீல் டிரைவ், கேரவன் வாடகைக்கு எடுப்பது. கூகுள் மேப் நீலக்கோடு போட்டு நேரமும் சொல்கிறது. அதை நம்பிக் கிளம்பலாமா? போன வாரம் பார்த்தபோது ரோடு திறந்துதான் இருந்தது.

டீசல்அண்ணன்:
தம்பி, போன வாரம் திறந்திருந்தது என்பது போன வாரத்துக்கு மட்டும்தான். தென் ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறை அவுட்பேக் (உள்நாட்டு வறண்ட பகுதி) ரோடுகளுக்கென்றே ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, அதில் ஒவ்வொரு துண்டாக, எல்லா வண்டிக்கும் திறப்பா, 4 வீல் டிரைவ் மட்டுமா, மூடலா என்று இருக்கும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பார். மரீயில் ஊரைத் தாண்டும் இடத்தில் போர்டும் இருக்கும், மேப்பும் போர்டும் வேறு வேறாக இருந்தால் போர்டு சொல்வதைக் கேள். அந்த மண் பெரும்பாலும் களி, 10 மில்லிமீட்டர் பெய்தாலே வழுக்கும், காயும்வரை நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் இறங்கினால் பெரிய அபராதம், ரோட்டை உழுதுவிட்டால் அடுத்து வருபவனுக்கும் கஷ்டம். நாங்கள் ஒருமுறை மரீயில் மூன்று நாள் உட்கார்ந்து சீட்டாடினோம், வானம் என்னவோ பளிச்சென்று நீலமாக இருந்தது.

அப்புறம், "திறப்பு" என்றால் கேரவனுக்கு நல்ல ரோடு என்று அர்த்தமில்லை. மண்ரோட்டைச் சமன்செய்யும் கிரேடர் எப்போது கடைசியாக ஓடியது என்று எந்த மேப்பும் சொல்லாது. வில்லியம் க்ரீக் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டுக் கேள். எதிர்ப்பக்கத்திலிருந்து அன்றைக்கு வந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

கல்நார்ஷீட்:
மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் முதல் கேள்வி கேரவன் வாடகை ஒப்பந்தம். தார் இல்லாத ரோட்டில் போகக் கூடாது என்று பலவற்றில் இருக்கும், இன்ஷூரன்ஸும் அதோடு போச்சு. வழியில் வரும் லிண்ட்ஹர்ஸ்ட் ஊரிலிருந்து மரீ வரை தார் போட்டாயிற்று, அதற்கப்புறம் வில்லியம் க்ரீக் வரை சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து கூபர் பீடிக்கு 166, எல்லாம் மண்தான். கல்நார் ஷீட்டைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஓட்டுவது போல் வரிவரியாக இருக்கும். எங்கள் கேரவனில் அலமாரி திறந்து பருப்பு டப்பா, பால், மிளகாய்த்தூள் மூன்றும் தரையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. டயர் காற்றைக் குறை, மெதுவாகப் போ. இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள்: காரின் பின்டயர் எறியும் கல் கேரவன் முகப்பில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை உடைக்கும். கண்ணாடிக்கு வெளியே அட்டை வைத்து ஒட்டிவிடு, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

சேனல்40:
வண்டியில் பேசும் யூஎச்எஃப் ரேடியோவைச் சேனல் 40-இல் வையுங்கள், ரோடு டிரெயின் (பல டிரெய்லர் இழுக்கும் நீள லாரி) டிரைவர்கள் அதில்தான் பேசுவார்கள், கேரவன்காரர்கள் சேனல் 18. ஊருக்கு வெளியே போன் சிக்னல் எதிர்பார்க்காதீர்கள், சாட்டிலைட் போன் ஒன்று வாடகைக்கு எடுங்கள். ஒருவேளை பிளான் மாறி, மரீயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் போகும் பேர்ட்ஸ்வில் டிராக் பக்கம் போனால் உள்ளூர் மழையை மட்டும் பார்த்துப் பயனில்லை. 2025 மார்ச் கடைசியில் குயின்ஸ்லாந்து மேற்கில் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரித் தண்ணீர் கூப்பர் க்ரீக் ஆறு வழியாக வாரக்கணக்கில் நடந்து வந்து, வெயில் அடிக்கும் ஒரு நாளில் ரோட்டைக் கடக்கும். குயின்ஸ்லாந்துப் பக்கத்துக்கு கியூஎல்டி டிராஃபிக் என்ற அந்த மாநில ரோடு நிலவரத் தளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், மாநில எல்லையோடு மேப் நின்றுவிடும்.

புதுக்கேரவன்:
நன்றி அண்ணன்மாரே. ஒப்பந்தத்தை இப்போதுதான் எடுத்துப் படித்தேன், தார் ரோடு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கேரவனை மரீ கேரவன் பார்க்கில் விட்டுவிட்டு, டென்ட் எடுத்துக்கொண்டு கவர்ட் ஸ்பிரிங்ஸ் போய்த் திரும்பினால் எப்படி?

டீசல்அண்ணன்:
அதுதான் சரி. பேரீச்சை மரத்தடியில் டென்ட் போடு, வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டி அருமையாக இருக்கும், ராத்திரிக்குக் கம்பளி எடுத்துக்கொள், ஜூலையில் அங்கே நடுங்கும். காலையில் கிளம்பும்போது மேப்பைப் பார்க்க மறக்காதே.