செயின்ட் மார்ட்டின் அகாடமியை நேரில் கேட்டவர்கள், அனுபவத்தை எழுதுங்களேன்

வயலின்காரி:

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில், உயரமான தூண்களும் கூர்கோபுரமுமாக நிற்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே பிறந்த இசைக்குழுதான் அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ். முதல் கச்சேரி 1959 நவம்பர் 13 அன்று, அதே ஆலயத்துக்குள். இந்தக் குழுவைக் கேட்டவர்கள், அதன் இசையோடு வளர்ந்தவர்கள் இங்கே எழுத வேண்டும் என்று ஆசை. நானே தொடங்குகிறேன்.

நான் கேட்டது ஆலயத்தில் இல்லை, பெரிய அரங்கு ஒன்றில். மேடைக்குப் பின்னால், பாடகர் குழு உட்காரும் வரிசையில் இடம் கிடைத்தது. டிக்கெட் விலை குறைவு என்பதால்தான் வாங்கினேன். ஆனால் இந்தக் குழுவைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று இப்போது சொல்வேன். வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் பார்ப்பதை நானும் பார்த்தேன். நடுவில் கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துனருக்கான மேடை கிடையாது. ஜோஷுவா பெல் முதல் வயலின் நாற்காலியில் உட்கார்ந்து, தானும் வாசித்துக்கொண்டே பீத்தோவன் சிம்பொனி ஒன்றை நடத்தினார்.

தொடங்கும் முன் அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நாற்பது பேர் இருக்கும், அத்தனை பேரும் அதே மூச்சை இழுத்தார்கள். அதுதான் தாளக் கணக்கு. அந்த மூச்சின் நீளம்தான் காலப்பிரமாணம். வில் கம்பியைத் தொடுவதற்குள் எல்லாருக்கும் வேகம் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நான் பெல்லை மறந்துவிட்டேன். செல்லோ முதல் நாற்காலிக்காரரின் கண் இரண்டாம் வயலின் பக்கம் இருந்தது. கடைசி வரிசையில் டிம்பனி முரசு வாசிப்பவர் டபுள் பேஸ் வில்லைப் பார்த்து அடித்தார். ஓபோ என்ற குழல் வாத்தியத்தில் ஒரு தனி வரி வந்தபோது வயலின்கள் மொத்தமும் ஓசையை இறக்கி அவருக்கு வழிவிட்டன. யாரும் கை காட்டவில்லை. நம் கச்சேரிகளில் மிருதங்கக்காரர் பாடகரின் உதட்டைப் பார்த்தபடி இருப்பாரே, அந்தக் கவனம் இங்கே நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் இருந்தது.

பெல் 2011 முதல் இங்கே இசை இயக்குநர். நிறுவனர் நெவில் மாரினருக்குப் பின் அந்தப் பட்டத்தோடு வந்தவர் இவர்தான். கையில் இருப்பது இத்தாலியின் ஸ்ட்ராடிவரி 1713இல் செய்த ஸ்ட்ராடிவேரியஸ் வயலின். அந்த வயலினின் ஒலிகூட அன்று தனியாகத் துருத்திக்கொண்டு வரவில்லை, தேவைப்பட்ட இடங்களைத் தவிர. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பழைய கேசட்:

அருமையான தொடக்கம் அம்மா. நான் கோயம்புத்தூர். எங்கள் தலைமுறைக்கு இந்தக் குழு காது வழியாக மட்டுமே அறிமுகம். சிற்றலை வானொலியில் மேற்கத்திய இசை நிகழ்ச்சி வைத்தால், முடிவில் அறிவிப்பாளர் இந்த நீளமான பெயரைச் சொல்லி, 'நெவில் மாரினர்' என்று முடிப்பார். எவ்வளவு அடிக்கடி என்றால், இங்கிலாந்தில் வேறு இசைக்குழுவே இல்லையோ என்று நினைத்த காலம் உண்டு. காரணம் பிறகு தெரிந்தது. மாரினரும் அகாடமியும் சேர்ந்து செய்த பதிவுகள் 500க்கும் மேல்.

முதலில் என் கைக்கு வந்தது விவால்டியின் 'நான்கு பருவங்கள்', 1969இல் பதிவானது. தனி வயலின் ஆலன் லவ்டே. அதுவரை நான் கேட்டிருந்த பரோக் இசையெல்லாம் (விவால்டி, பாக் காலத்து இசை) பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தடித்த ஓசையில் வாசித்தது. இது அப்படி இல்லை. வரிக்கு வரி இடைவெளி தெரிந்தது, பின்னால் ஹார்ப்சிகார்டு என்ற பழைய கீபோர்டு வாத்தியம் தனியாகக் காதில் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு நரம்பு வாத்தியங்கள் சரியாக வாசித்தால் எவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று அன்றுதான் புரிந்தது.

பிறகு 'அமேடியஸ்' படம், 1984. அதில் வரும் மொசார்ட் இசை மாரினரும் அகாடமியும் வாசித்தது. மொசார்ட் எழுதிய ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மாரினர் ஒப்புக்கொண்டார் என்று படித்திருக்கிறேன். படத்துக்கு ஏற்ப இசையை வெட்டி ஒட்டுவது வழக்கமாக இருக்கும் தொழிலில் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

மகள் லண்டனில் வேலை பார்த்த சமயத்தில் மாரினரை மேடையில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அப்போது அவருக்கு 90ஐ ஒட்டிய வயது. நடந்து வந்ததில் முதுமை இருந்தது, கையைத் தூக்கியதும் அது போய்விட்டது. சின்னச் சின்ன அசைவுகள்தான். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவர் என்பதால், வாசிப்பவருக்கு எது தேவை, எது தொந்தரவு என்று தெரிந்த கை அது. 2016 அக்டோபரில் காலமானார். செய்தி கேட்ட அன்று வீட்டில் அந்த விவால்டியைத்தான் போட்டேன்.

டூட்டிங் தமிழன்:

ஐயா எழுதினதை வாசிக்க மனசு நிறைஞ்சுது. நான் லண்டனிலதான் கன காலமா இருக்கிறன். ஒரு விசயத்தை மட்டும் சொல்ல வேணும், ஊரில இருந்து வாற ஆக்கள் அடிக்கடி குழம்பிற இடம் இது.

அந்தத் தேவாலயத்தில மாலை நேரத்தில மெழுகுதிரி வெளிச்சத்தில கச்சேரி நடக்கும். போஸ்டரைப் பார்த்திட்டு அது அகாடமி எண்டு நினைச்சு டிக்கெட் எடுக்கினம். அதுகளில வாசிக்கிறது பெரும்பாலும் வேற குழுக்கள். அவையளும் நல்லா வாசிக்கிறவைதான், ஆனா அகாடமியைக் கேக்க வந்தனீங்கள் எண்டால் குழுவின்ர பேரைச் சரி பார்த்து எடுங்கோ. தேவாலயமும் அகாடமியும் இண்டைக்குத் தனித்தனி நிர்வாகம். அகாடமி உலகம் பூராச் சுத்துது. பிறந்த வீட்டுக்கு இடைக்கிடை வந்து போற மாதிரித்தான் அங்க வாசிக்கிறது.

ஆனா அந்த வீட்டின்ர குணம் குழுவிலயும் ஒட்டியிருக்கு எண்டு நான் நம்புறன். முதலாம் உலகப் போர் நேரம் டிக் ஷெப்பர்ட் எண்ட பாதிரியார், போர்முனைக்குப் போற வாற சிப்பாய்கள் தங்கிறதுக்கு அந்தத் தேவாலயத்தைத் திறந்து விட்டவர். வீடில்லாத ஆக்களுக்கு அங்க கதவு திறந்தபடி இருக்கிற வழக்கம் அப்பிடியே தொடர்ந்து வருது. அகாடமியும் வீடில்லாத ஆக்களோட சேர்ந்து இசைப் பட்டறைகள் நடத்துது. தெரிஞ்ச ஒருத்தர், தெருவில படுத்துக் கிடந்த காலத்தில அப்பிடி ஒண்டுக்குப் போனவர். செல்லோ வாசிக்கிறவ தனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து வாசிச்சவ எண்டு சொன்னவர். என்ன பாட்டு எண்டு அவருக்கு ஞாபகம் இல்லை. அவ தன்ர பேரைக் கேட்டு, அடுத்த கிழமையும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர்.

எழும்பூர்க்காரன்:

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைப் பார்க்க லண்டன் போக வேண்டாம், எழும்பூருக்கு வாருங்கள். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726இல் கட்டி முடித்த அந்த ஆலயத்தை மாதிரியாக வைத்துத்தான் நம்ம புனித ஆண்ட்ரூ ஆலயம் 1821இல் எழுந்தது. முகப்புத் தூண்களும் கோபுரமும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். உள்ளே மட்டும் நம்மது வேறு. அங்கே நீள மண்டபம், இங்கே வட்டக் கூடமும் நீல விதானமும்.

லண்டனில் உள்ளே போய் உட்கார்ந்தபோது நான் கவனித்தது மேலே வளைந்து போகும் கூரையையும் மரப் பெஞ்சுகளையும். பெரிய கதீட்ரலில் ஒரு ஸ்வரம் கிளம்பினால் கரைந்து போக வெகுநேரம் ஆகும், வேகமான பாடல் குழம்பிவிடும். செயின்ட் மார்ட்டினில் அப்படி இல்லை. ஒலிக்கு ஒரு சூடு கிடைக்கிறது, அதே சமயம் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அளவெடுத்த இடம். அகாடமியின் அந்தத் தெளிவான ஒலி இந்தச் சுவர்களுக்குள் பழகி வந்தது என்றால் ஆச்சரியம் இல்லை.

ஆல்ட்டோ அக்கா:

நான் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபையின் நரம்பு வாத்தியக் குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறேன். இசைக்குழு என்று பெரிதாகச் சொல்ல முடியாது. வயலின் ஆறேழு, நான் ஒருத்தி, ஒரு செல்லோ, ஆர்கன். ஞாயிறு ஆராதனை, ஈஸ்டர், கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை, அவ்வளவுதான்.

அகாடமி தொடங்கிய விதம் எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. மாரினர் அப்போது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் பிரிவின் தலைவர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நடத்துனர் சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதில் அலுத்துப்போன நண்பர்கள் சிலர் அவர் வீட்டு வரவேற்பறையில் கூடி, தங்கள் ஆசைக்கு வாசித்தார்கள். தேவாலயத்தின் இசைப் பொறுப்பாளர் ஜான் சர்ச்சில் அதில் கீபோர்டு வாசித்தவர். அவர் மூலம்தான் ஆலயம் மேடையானது, பெயரும் வந்தது.

அயோனா பிரவுனைப் பற்றி யாரும் எழுதவில்லையே! 1964இல் சாதாரண வயலின் உறுப்பினராகச் சேர்ந்தவர். மாரினர் எழுந்து நின்று நடத்தத் தொடங்கிய பிறகு, 1974இல் இருந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்து குழுவை வழிநடத்தியவர். இவருடைய உடன்பிறந்தவர் திமதி பிரவுன் இதே குழுவில் ஹார்ன் வாசித்தார். வாகன் வில்லியம்ஸின் 'தி லார்க் அசெண்டிங்' அயோனா வாசித்த பதிவைக் கேட்டுவிட்டு எங்கள் செல்லோ பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மூட்டுவாதம் அவர் கையிலிருந்து வயலினை வாங்கிவிட்டது. அதன் பிறகும் நடத்துனராக இசையோடு இருந்தார். 2004இல் மறைந்தார். ஒரு பெண் நாற்காலியில் இருந்தபடி, குரல் உயர்த்தாமல், வில்லின் நுனியால் ஒரு குழுவையே நடத்தினார் என்பது எனக்குத் தினமும் தெம்பு தருகிற விஷயம்.

பேஸ் கிளெஃப்:

எல்லாரும் உணர்ச்சியோடு எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஒரு மாற்றுக் கருத்து. 'நடத்துனர் இல்லாத குழு' என்பதை நாம் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டாடுகிறோமோ? கடைசியில் அந்த முதல் நாற்காலிக்காரர்தானே நடத்துனர், உட்கார்ந்திருக்கிறார் என்பதுதானே வித்தியாசம்? மாரினரே பிறகு நடத்துனர் ஆனார். பியேர் மோன்டோ என்ற பெரிய நடத்துனர் சொல்லித்தான் அந்தப் பக்கம் போனார், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் அவரிடமே படித்தார். குழு பெரிதாகி, மொசார்ட் தாண்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலப் படைப்புகளுக்குப் போனதும் யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. பரோக் இசையில் இவர்கள் காட்டிய வழியை அடுத்த தலைமுறை கடந்து போய்விட்டது. அகாடமியில் ஹார்ப்சிகார்டு வாசித்த கிறிஸ்டோபர் ஹாக்வுட் 1973இல் பழங்கால வாத்தியங்களுக்கென்றே அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் தொடங்கினார். என் காதுக்கு இன்று பாக், ஹேண்டல் என்றால் அந்த ஒலிதான். அகாடமி நவீன வாத்தியங்களோடு நின்றுவிட்டது.

வயலின்காரி:

நல்ல கேள்வி அண்ணா. ஹாக்வுட் விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் பாருங்கள், அந்த மனிதர் எங்கிருந்து கிளம்பினார்? 1976இல் மாரினர் ஹேண்டலின் 'மெசையா'வைப் பதிவு செய்தபோது, 1743இல் ஹேண்டல் அதை லண்டனில் முதல்முறை நடத்திய வடிவத்தை மீட்டுத் தந்தவர் இதே ஹாக்வுட்தான். அதற்கும் வெகு முன்னால் மாரினர் இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, பக்கத்தில் கிடைத்த நண்பர் தர்ஸ்டன் டார்ட் என்ற ஆய்வாளர். பழைய சுவடிகளைத் தேடி வாசிக்கும் ஆசை அங்கே தொற்றியது. டார்ட், மாரினர், ஹாக்வுட் எல்லாம் ஒரே கொடிதான்.

நாற்காலி பற்றி: உட்கார்ந்து நடத்துவதும் நின்று நடத்துவதும் ஒன்றல்ல என்பேன். நடத்துனரின் குச்சி சத்தம் போடாது. முதல் நாற்காலிக்காரர் தப்பாக நடத்தினால் அவருடைய வில்லிலேயே அது கேட்கும், எல்லாருக்கும் முன்னால். அவர் கேட்பதை அவரே வாசித்துக் காட்ட வேண்டும். 'இந்த இடத்தை மெல்லிசாக' என்று சொல்லிவிட்டுத் தான் உரக்க வாசிக்க முடியாது. இன்று அந்த நாற்காலியில் பெல் இல்லாத நாட்களில் டோமோ கெல்லர் இருக்கிறார். நாற்காலிக்காரர் மாறினாலும் முறை மாறவில்லை.

ஆல்ட்டோ அக்கா:

தம்பி பேஸ் கிளெஃப், உங்கள் கேள்வியை எங்கள் ஒத்திகையில் வைத்தேன். போன கிறிஸ்துமஸில் இருந்தே நாங்கள் கை காட்டுகிறவர் இல்லாமல்தான் பழகுகிறோம். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாம் இழுபட்டது. ஆளாளுக்குத் தன் தாளைப் பார்த்து வாசித்தார்கள். ஸ்டாண்டை எல்லாம் தாழ்த்தினோம், அரைவட்டத்தைச் சுருக்கினோம், முழங்கை இடிக்காத அளவுக்கு நெருக்கமாக. ஒவ்வொருவரும் மற்றவர் பகுதியையும் பாடிக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். வயலின் பிள்ளைகள் என் வயோலா வரியைப் பாடியது அதுதான் முதல்முறை. அப்போதுதான், 'அக்கா, நீங்க இங்க இறங்கறதாலதான் எங்களுக்கு இந்த இடம் அழகா வருது' என்று ஒரு பெண் சொன்னாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறோம்.

வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பதை முன்பு ஒருவர் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுவார். இப்போது அதற்கே ஒரு சண்டை நடக்கிறது, நேரம் பிடிக்கிறது. பெரிய படைப்புகளுக்கு இது ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். பாடகர் குழுவும் சேரும்போது எங்கள் கொயர் மாஸ்டர்தான் நிற்கிறார். நரம்பு வாத்தியம் மட்டும் என்றால் இனி நிற்கச் சொல்ல மாட்டோம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்.

லண்டன்காரர்களிடம் ஒரு கேள்வி. அகாடமி ஒத்திகையைப் பொதுமக்கள் பார்க்க வழி இருக்கிறதா? எங்கள் செல்லோ பையன் மேற்படிப்புக்கு அங்கே வருகிறான். கச்சேரியைவிட ஒத்திகையை அவன் பார்க்க வேண்டும்.