நிறுத்தி வைத்த பைக் கண்ணில் படுவதற்கு என்ன சொல்?

அன்பர்களே,
பைக் ஓட்டுவோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். வாகன நிறுத்துமிடம் பற்றிய இயலில் ‘கான்ஸ்பிக்யூயிட்டி’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘தெரிவுநிலை’ என்று போட்டால் பொருள் நழுவுகிறது. இரண்டு கார்களுக்கு நடுவே நிற்கும் கறுப்பு பைக், தேடினால் தெரியும். பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநர் அதைத் தேடுவதில்லையே! தேடாத கண்ணையும் இழுக்கும் தன்மைக்குச் சொல் வேண்டும். ‘ரெட்ரோரிஃப்ளெக்டிவ்’ பட்டைக்கும் ஒன்று.
– நா.

நா. அவர்களுக்கு,
இரண்டாவது எளிது: மீளொளிப் பட்டை. வினைத்தொகை, மீண்ட, மீள்கின்ற, மீளும் ஒளி மூன்றும் அடங்கிவிடும். சாய்வாக விழும் ஒளியைச் சமதளக் கண்ணாடி வேறு பக்கம் அனுப்பிவிடும். இந்தப் பட்டையிலுள்ள நுண்மணிகளோ முப்பக்க மூலைகளோ அதை வந்த திசைக்கே திருப்பும். 1969இல் அப்பல்லோ 11 நிலவில் வைத்த ஒளித்திருப்பியும் இவ்வகைதான். ‘எதிரொளி’ வேண்டாம், வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் ‘எதிரொலி’ என்று எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களின் ‘தெறிப்பு’ இந்த வகையில் தெளிவானது.
முதலாவதற்குத் ‘துலக்கம்’.
– செ.

துலக்கம்! அருமை. விளக்கு ஒளிர்கிறது, பொருள் விளங்குகிறது. கண்ணுக்கும் அறிவுக்கும் ஒரே சொல் வைத்த மொழி இது. இலங்கு, துலங்கு, விளங்கு மூன்றிலும் வரும் ஒலியமைப்பே ஒளியைக் குறிப்பது என்பது என் நெடுநாள் கருத்து.
– அ.

அப்படியானால் ‘கலங்கு’? கலங்கிய நீரில் எந்த ஒளி? ஓசை ஒத்ததெல்லாம் ஒரு வேராகாது, ஐயா.
– செ.

கலங்கு வேறு. அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.
– அ.

நான் புலவனல்லன், பைக் ஓட்டுகிறவன். துலக்கம் என்றதும் எனக்குப் பாத்திரம் துலக்குவதுதான் தோன்றுகிறது. ‘எடுப்பு’ என்ற சொல் நம் வாயிலேயே இருக்கிறதே? ‘இந்த நிறம் எடுப்பாக இருக்கிறது’ என்றால் யாருக்குப் புரியாது?
என் வண்டி அடிபட்ட கதை இது. கார் நிறுத்தும் கட்டத்தில், சுவரோரமாக உள்ளே தள்ளி, முகப்பு வெளியே பார்க்க நிறுத்தியிருந்தேன். இரு பக்கமும் கார்கள். காலியிடம் என்று நினைத்து ஒருவர் வேகமாக உள்ளே திருப்பிவிட்டார். என் வண்டியிலும் எதிரொளிப்பான் இருந்தது. பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு! விளக்கின் ஒளி விழாத இடத்தில் எந்தப் பட்டையும் மின்னாது. இப்போது வண்டியின் பின்பக்கம் பாதையைப் பார்க்க, கட்டத்தின் வெளி விளிம்பை ஒட்டியே நிறுத்துகிறேன். பகலுக்கு, இருக்கையின் மேல் பளீர் மஞ்சள் உறை. கையேட்டில் இதையும் சேருங்கள், அம்மா.
– மு.

எடுப்புக்குச் செருக்கு என்றும் பொருள் உண்டு. கலைச்சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான் இருக்க வேண்டும்.
– அ.

‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்றார் தொல்காப்பியர். ஒன்றே ஒன்று என்று சொல்லவில்லை. என் துலக்கத்தை நானே விட்டுவிடுகிறேன். எடுப்பு.
– செ.

அன்பர்களே,
மணி பதினொன்றரை. ‘மீளொளிப் பட்டை’, ‘எடுப்புத்தன்மை’ இரண்டையும் போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘தேடாமலே கண்ணில் படுதல்’ என்று விரித்திருக்கிறேன். மு. சொன்ன விளிம்புச் செய்தி மூலத்திலேயே இருக்கிறது; படத்துக்குக் கீழே கிடந்ததை மேலே கொண்டுவந்தேன்.
– நா.

என் மறுப்பு பதிவாகட்டும். எடுப்பு, துணிக்கடைச் சொல். மறுபதிப்பின்போது துலக்கத்துக்காக மீண்டும் எழுதுவேன். ‘கலங்கு’ பற்றிய மடல் நாளை.
– அ.