கோச்சிங் அறையிலிருந்து புத்தகத்துக்கு: கைப்பிரதி, ஒப்பந்தம், அச்சு

பதிப்பாசிரியர்:
தலைமைத்துவப் பயிற்சி தருபவர்களின் கைப்பிரதி பெரும்பாலும் ஒலிப்பதிவிலிருந்துதான் பிறக்கிறது. பயிலரங்கில் பேசியதைத் தட்டச்சு செய்து, தலைப்புப் போட்டுப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரப் பேச்சு ஐந்தாறாயிரம் சொல் வரும். அதில் பாதி தேறினால் அதிகம். கூட்டத்தில் ஒரே கருத்தை மூன்று முறை சொன்னால்தான் கடைசி வரிசைவரை போய்ச் சேரும். தாளில் இரண்டாவது முறையே சலிப்பு. குரல் செய்த வேலையை எழுத்தில் ஆச்சரியக்குறி செய்யப் பார்ப்பது இன்னொரு தொல்லை.

அறையில் கேள்வி கேட்டே பழகியவர்கூட எழுத உட்கார்ந்ததும் உபதேசத்துக்கு மாறிவிடுகிறார். சுலபமான சோதனை: "வேண்டும்" என்று முடியும் வாக்கியங்களைக் கோடிட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு நாலைந்து இருந்தால் அங்கே நடந்தது எதுவுமே சொல்லப்படவில்லை என்று அர்த்தம். "மேலாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, அவர் என்ன கேட்டார், எதிரில் இருந்தவர் எந்தச் சொல்லில் தயங்கினார், மேலாளர் எங்கே குறுக்கே புகுந்தார் என்று எழுதுங்கள். அப்படி எழுத வராத அத்தியாயம் எங்கோ படித்தது, தான் நடத்திப் பார்க்காதது. அதைத் தூக்கிவிடலாம். பன்னிரண்டு அத்தியாயம் எட்டாகிவிடும். பயிற்சியாளருக்குப் புத்தகம் தரும் வளர்ச்சி இந்த வெட்டில்தான் இருக்கிறது என்பேன். எதைத் தெரிந்து சொல்கிறோம், எதைப் பழக்கத்தில் சொல்கிறோம் என்பது பிரிந்துவிடுகிறது. வெளியீட்டு விழாவில் அது கிடைக்காது.

நிர்வாகப் பயிற்சியாளர்:
சம்பவம் எழுதச் சொல்வது சரி. யாருடைய சம்பவம்? ஐ.சி.எஃப். எனும் சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் நெறிமுறைப்படி பயிற்சி பெறுபவரின் ரகசியத்தைக் காப்பது கட்டாயம். பெயரை மட்டும் மாற்றினால் ஆகாது. "கோவையில் பம்ப் தொழிற்சாலை, இரண்டாம் தலைமுறை, தம்பியோடு தகராறு" என்று எழுதிய பிறகு பெயர் எதற்கு? தொழில், ஊர், பதவி, பாலினம், காலம் ஆகிய ஐந்தில் மூன்றையாவது மாற்றுங்கள். ஆனால் காரணத்தைத் தொடக்கூடாது. குடும்பத் தொழிலில் மூண்ட பிரச்சினையைப் பன்னாட்டு நிறுவனத்தில் கொண்டுபோய் வைத்தால் ஒட்டாது.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அந்தப் பக்கங்களையே காட்டி வாங்குங்கள். கட்டணம் கட்டியது நிறுவனம், பேசியது ஊழியர் என்றால் இருவரிடமும் வாங்க வேண்டும். பயிற்சி நடக்கும்போதே கேட்டால் மறுக்கச் சங்கடப்பட்டே தலையாட்டிவிடுவார்கள். முடிந்து சில மாதம் கழித்துக் கேட்பது நல்லது. மறுத்தால் விட்டுவிடுங்கள், மாற்றி எழுதிப் பார்க்காதீர்கள்.

எம்.பி.டி.ஐ. (ஆளுமை வகை சொல்லும் வினாத்தாள்) போன்றவை பதிவு பெற்ற வணிகக்குறிகள். கருத்தை உங்கள் சொல்லில் விளக்குவது வேறு, வினாத்தாளையும் வரைபடத்தையும் அப்படியே அச்சிடுவது வேறு. பின்னதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை.

ஒப்பந்தம் பார்ப்பவர்:
மேலே சொல்லாத ஒன்று. பதிப்பகம் நீட்டும் தாளில் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, அது காலாவதி. "வேறு மாதிரி" என்ற ஒரு வரியைத்தான் ஒப்பந்தத்தில் நுழைத்துவிடுவார்கள். கோச்சிங் செய்பவர்கள் இன்னொன்றையும் எழுதிவாங்கணும்: அதே உள்ளடக்கத்தைப் பயிலரங்கிலும் காணொளியிலும் பயன்படுத்தும் உரிமை தன்னிடமே இருக்கும் என்று. இல்லாவிட்டால் தன் பாடத்தைத் தானே நடத்த அனுமதி கேட்கிற நிலை வரும்.

அச்சு வேலைக்காரர்:
40,000 சொல் என்றால் டெம்மி அளவில் (வழக்கமான நூல் அளவு), 11 புள்ளி எழுத்தில், ஏறக்குறைய 200 பக்கம். அதை 208 ஆக்குங்கள், 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) 13 சரியாக வரும். 203-ல் நிறுத்தினால் பின்னால் வெற்றுத்தாள்தான். உள்ளே 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ தாள், அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. முதுகு 10 மி.மீ. அளவில் வரும். ஆனாலும் அட்டையை முடிப்பதற்கு முன் அதே தாளில் ஒரு டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) கட்டி அளந்துவிடுங்கள். தாள் கட்டுக்குக் கட்டு தடிமன் மாறும், முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

எழுத்துரு விஷயத்தில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பாமினி, வானவில் மாதிரி பழைய குறியாக்கத்தில் அடித்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றெழுத்தும் கொம்பும் சிதறும். மாற்றிய பிறகுதான் மெய்ப்பு பார்க்கணும், முன்பு பார்த்தது கணக்கில் வராது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் "கொ" உடைந்து நிற்கும்.

பதிப்பாசிரியர்:
ஐ.எஸ்.பி.என். எனும் நூல் அடையாள எண் பற்றி: இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிற "சுயபதிப்புப் பொதி"களை ஒருமுறை யோசியுங்கள். அச்சுக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு எண். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்றுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954 சட்டப்படி பதிப்பாளர் கடமை. சொந்தமாகப் போடுபவர் இதை மறந்தே போகிறார்.

மின்னூல் செய்பவர்:
அமேசானின் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக்கூடாது. பயிலரங்குக்கு வருபவர்களுக்கு பி.டி.எஃப். இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு அச்சுப் பிரதி கொடுங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை.